முப்பத்தோராயிரம் மணி நேரம் ஓடிய ஹார்ட் டிஸ்க்

காலை 9.40. ஜீவனஹள்ளியில் வீட்டைப் பூட்டி, பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு ஆட்டோவில் ஏறினேன். அல்சூர் மெட்ரோ வரை எண்பது ரூபாய் என்றார் ஓட்டுநர்.

"மீட்டர் போடுங்களேன்."

"போட்டா அறுபதுதான் சார் வரும். அதான் போடல."

நான்கு நாளாக என் கணினியின் ஹார்ட் டிஸ்க் டக் டக்கென்று தட்டுகிறது. எங்கள் பகுதியில் நாற்பத்தொரு வீடுகளில் கேட்டு வாங்கி ஸ்கேன் செய்த பழைய குடும்பப் படங்கள் அதில்தான் இருக்கின்றன. பிறகு மழைத் தண்ணீர் புகுந்து, ஆறு வீடுகளில் அசல் படங்களே போய்விட்டன. டிஸ்க் நிற்பதற்குள் இன்னொன்றில் படியெடுத்தாக வேண்டும். என் கணினிக்குப் பொருந்தும் வகை இப்போது புதிதாக வருவதில்லை. பழசுக்கு, மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடுதான்.

அல்சூரிலிருந்து ஆறாவது நிலையம் மெஜஸ்டிக். அங்கே ரயில் மாறினால் அடுத்தது சிக்பேட்டை. பிறகு என் நடையில் பதினான்கு நிமிடம்.

11.05. முதல் கடைக்காரர் திரையைக் காட்டினார். டிஸ்க் ஓடிய நேரம்: பூஜ்யம்.

"புதுசு மாதிரி அங்கிள். ஓடவே இல்ல."

ஆறு திருகுகளில் நான்கின் தலை தேய்ந்திருந்தது. "ஓடாததை எதுக்குத் திறந்தாங்க?"

"அங்கிள், வாங்குறீங்களா, எண்ணிட்டே இருக்கப் போறீங்களா?"

11.30. எதிர்ச் சந்தில் மேரி என்ற பெண்ணின் கடை. கையில் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன். அவர் எடுத்துக் கொடுத்த டிஸ்க் 31,412 மணி நேரம் ஓடியிருந்தது. மனதுக்குள் வகுத்தேன், இரவு பகலாக மூன்றரை வருடத்துக்கும் மேல்.

"போர்டு எரிஞ்சு வந்துச்சு அங்கிள். வேற டிஸ்க்லேருந்து எடுத்துப் போட்டேன். இதோ ஈயப் பத்து வச்ச இடம்."

"இந்தக் கணக்கை அழிக்க முடியுமாமே?"

"ரெண்டு நிமிஷ வேலை. முந்நூறு ரூபா கூடவும் கிடைக்கும். அப்புறம் அது நின்னா, ஏன் நின்னுச்சுன்னு எனக்கே தெரியாதே!"

எண்ணூறு ரூபாய். ஏழு நாள் வாரண்டி. கிளம்பும்போது சொன்னார்: "ரொம்ப முக்கியமானதை மொதல்ல எடுத்துடுங்க."

பிற்பகல் 2.20. அந்த ஆறு வீடுகளை முதலில் எடுத்தேன். ஐந்து முழுதாக வந்தன. ஆறாவது, சகாயம் வீடு. இருபத்து மூன்று படங்களில் ஒன்பது வந்ததும் தட்டல் வலுத்தது. அதை விட்டுவிட்டு மற்ற முப்பத்தைந்து வீடுகளை எடுத்தேன், எல்லாம் வந்தன. திரும்பவும் சகாயத்தின் படங்களைத் தொட்டபோது என் டிஸ்க் ஒரேயடியாக நின்றுவிட்டது.

மாலை 5.45. சகாயம் வீடு நான்கு தெரு தள்ளித்தான். காலையில் அவ்வளவு தூரம் சுலபமாகப் போய்வந்தவனுக்கு இதற்குக் கால் எழவில்லை. சில படங்கள் வரவில்லை என்று பொதுவாகச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். மேரி அப்படிப் பொதுவாகச் சொல்லியிருந்தால் அவரிடம் நான் டிஸ்க் வாங்கியிருக்க மாட்டேன்.

வராத பதினான்கையும் இன்னின்ன படமென்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, செருப்பை மாட்டினேன்.