வயிற்றுக்கும் மனசுக்கும் நடுவில் ஒரு டப்பா

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. தயிர் வாங்கினால் கரண்டியால் தூக்கி ஊற்றிப் பார்ப்பேன். ஜீப்பில் லோடு ஏற்றினால் கடைசி மூட்டை ஏறும்வரை நகர மாட்டேன். பிறவிக்குணம், என்ன செய்ய? அப்படிப்பட்டவளிடம், உன் வீட்டுக்காரருடைய மலத்தைக் கொஞ்சம் டப்பாவில் போட்டுக் கொடு, அவர் மனசு ஏன் சரியில்லை என்று பார்க்கலாம் என்றால் எப்படி இருக்கும்? என்னை லூசு என்று நினைத்துவிட்டார்களா என்றுதான் முதலில் தோன்றியது.

சொன்னவர் போடியில் நாங்கள் வழக்கமாகப் போகிற டாக்டர். என் வீட்டுக்காரருக்கு ஒரு வருஷமாக வயிறு சரியில்லை. சாப்பிட்டால் உப்புசம், சாப்பிடாவிட்டால் எரிச்சல். வயிற்றோடு சேர்ந்து ஆளும் மாறிப்போனார். போடிமெட்டுக்கு மேலே எங்களுக்கு ஏலத்தோட்டம் இருக்கிறது. கீழே ஜீப்பில் ஏறினால் மேலே இறங்கும்வரை வாய் ஓயாத மனுஷர், கம்பியைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தையே பார்த்துக்கொண்டு வர ஆரம்பித்தார். தூக்கம் போனது. ஒருநாள் தட்டில் சோற்றைப் பிசைந்தபடி, "வாழ்ந்தது போதும்போல இருக்கு" என்றார். பிறகு ரசம் கேட்டார்.

எனக்கு ரசம் ஊற்றக் கை வரவில்லை. தோட்டத்தில் ஏலச்செடிக்கு அடிக்கிற பூச்சிமருந்து ஓர் அறையில் இருக்கிறது. அதைக் குடித்துப் போனவர்கள் எங்கள் பக்கம் உண்டு. மறுநாளே அந்த அறைச் சாவியை எடுத்து என் இடுப்பில் சொருகிக்கொண்டேன். அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் இல்லாத எண்ணமும் வந்துவிடுமோ என்று பயம். அதற்குப் பதிலாக வேவு பார்த்தேன். குளிக்கப் போய் நேரமானால் கதவைத் தட்டுவேன். செடிக்குள் தனியாகப் போனால் நானும் ஏதோ சோலி இருப்பதுபோல் பின்னால் போவேன். இந்த மனுஷரைப் பறிகொடுத்துவிடக் கூடாது, எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

டாக்டர் மனசுக்கு மாத்திரை எழுதினார். மலைத்தோட்டக்காரர்களில் வயிறும் மனசும் சேர்ந்து கெட்டவர்களை மதுரையிலிருந்து ஒரு குழு வந்து பார்க்கிறது, விருப்பமிருந்தால் சேருங்கள் என்றும் சொன்னார். "இது ஆராய்ச்சிம்மா, வைத்தியமில்ல. மாத்திரைய நிப்பாட்டிறாதீங்க."

வைத்தியம் இல்லை என்றால் எதற்கு? வீட்டுக்கு வந்து போனில் தேடினேன். குடலுக்குள் கோடிக்கணக்கில் கிருமிகள் குடியிருக்கின்றனவாம். குடலிலிருந்து மூளைக்கு ஒரு பெரிய நரம்பு போகிறதாம், அதன் வழியாகவும் ரத்தத்தின் வழியாகவும் கிருமிகள் சேதி அனுப்புகின்றனவாம். மனம் சோர்ந்தவர்களின் குடல்கிருமியை எலிக்குள் விட்டால் எலியும் சோர்ந்து போகிறதாம். எலி சோர்ந்திருக்கிறது என்று எவன் அதனிடம் போய்க் கேட்டான்? இதற்கு நடுவில் நாலைந்து பேர் மனக்கவலை தீரக் குடல்மாத்திரை வாங்குங்கள் என்று விளம்பரம் வேறு. ஆராய்ச்சி முடிவதற்குள் கடையைத் திறந்துவிட்டார்களே என்று போனை மூடி வைத்தேன்.

குழுவிலிருந்து வந்தது ஒரு சின்னப் பெண். டாக்டரின் கிளினிக்கிலேயே ஓர் அறையில் உட்கார்ந்திருந்தது. நான் எடுத்த எடுப்பிலேயே கேட்டேன்: "வயிறு கெட்டதால மனசு கெட்டுச்சா, மனசு கெட்டதால வயிறு கெட்டுச்சா?"

"தெரியாதுக்கா. அதத்தான் தேடுறோம். எலியில பாத்தது நெறைய. மனுசங்கள்ட்ட பாத்தது கம்மி, அதுவும் ஊருக்கு ஊரு மாறுது. அதனாலதான் இப்ப ஒரே ஆளுகளத் திரும்பத் திரும்பப் பாக்குறாங்க."

தெரியாது என்று சொல்வதற்கு மதுரையிலிருந்து பஸ் ஏறி வர வேண்டுமா என்று இருந்தது. அதோடு விட்டதா? என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவரிடம் தனியாகப் பேசியது. மலத்தைப் பற்றி இவ்வளவு நேரம் பேச என்ன இருக்கிறது? பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு உள்ளே கொதித்தது. பிறகு என்னைக் கூப்பிட்டு, என்ன சாப்பிடுகிறோம், பழையது உண்டா, மோர் உண்டா என்று கேட்டது. அடுத்து செடிக்கு என்ன அடிக்கிறோம், முகத்தைக் கட்டிக்கொண்டு அடிக்கிறோமா, பூச்சிமருந்தை எங்கே வைக்கிறோம் என்றது.

பிடிபட்டாயா என்று நினைத்தேன். பக்கத்துத் தோட்டக்காரர் முன்பே சொல்லியிருந்தார்: "குடலாவது மூளையாவது. நம்ம காய்ல விசம் இருக்குன்னு எழுதி யாவாரத்த முடிக்க வந்திருக்காக. சேராதீங்க." அவர் சொன்னது சரிதான் என்று பட்டது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர், "குடுக்குறேன்" என்றுவிட்டார். ஒரு வருஷத்தில் அவராக முடிவு செய்த காரியம் அது ஒன்றுதான். அதைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அது காய் எடுக்கிற சமயம், நாங்கள் மேலே தோட்டத்தில் தங்கியிருந்தோம். மலத்தை டப்பாவில் எடுத்ததும் குளிர்ச்சியாக வைத்து மறுநாள் ஜீப்பில் அனுப்பச் சொல்லியிருந்தது அந்தப் பெண். அன்றைக்குப் பார்த்துக் கரண்ட் இல்லை. ஐஸ்பெட்டியில் இருந்த ஐஸ் கரைந்து கிடந்தது. டப்பாவைத் துணியில் சுற்றி, குளிர்ந்த மூலை எதிலாவது வைக்கட்டும் என்று, காய் உலர்த்தும் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற பெரியவரிடம் கொடுத்தேன். உள்ளே என்ன என்று சொல்லவில்லை. சொன்னால் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயம் முழுக்கத் தெரிந்துவிடும். "இது கெட்டுப்போகக் கூடாது, பத்திரமா வைங்க" என்று மட்டும் சொன்னேன்.

காலையில் அவர் கொண்டுவந்து நீட்டிய டப்பா கையைச் சுட்டது. திறந்து பார்த்தால் சுருங்கி, மரப்பட்டைபோல் கிடந்தது. மனுஷர் அதைச் சூட்டறையில் ஏலக்காய்த் தட்டோடு தட்டாக வைத்துவிட்டார்.

"ஏன் இப்படிப் பண்ணுனீங்க?"

"கெடக் கூடாதுன்னீகளே ஆத்தா. ஈரம் இருந்தாத்தானே கெடும்? நல்லாக் காயட்டும்னு அடுப்புப் பக்கமா வச்சேன்."

பக்கத்துத் தோட்டக்காரர் சொல்லிக்கொடுத்துச் செய்தாரோ என்று அவர் முகத்தையே பார்த்தேன். பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். "அந்தக் காய்ங்கள மட்டும் வேற மூட்டையில போடு தாயி" என்றார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ அந்தச் சிரிப்பின் மேலும் சந்தேகம் வந்தது. இத்தனை நாள் இல்லாத சிரிப்பு இப்போது ஏன் என்று இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அந்தப் பெண் கோபப்படவில்லை, வேறு டப்பா கொடுத்தனுப்பியது. இரண்டாவது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. மழைக்காலம் முடிந்து அந்தப் பெண் மறுபடி போடிக்கு வந்தபோது போய் நின்றேன். "இவரு வயித்துல என்ன இருந்துச்சு?"

"ஒவ்வொருத்தருக்கும் தனியா முடிவு சொல்ல மாட்டோம்க்கா. எல்லாரோடதையும் சேத்துத்தான் பாப்போம். மொதல்லயே அண்ணன்கிட்ட சொல்லியிருக்கேன்."

எனக்கு வந்ததே கோபம். கிளினிக்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். கொடுக்கிறதைக் கொடுத்துவிட்டு நாங்கள் வாயில் விரலை வைத்துக்கொண்டு போக வேண்டுமா? இந்த ஆராய்ச்சியால் எங்களுக்கு என்ன ஆச்சு? என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில் உட்கார்ந்தோம்.

"அந்தப் பிள்ளைய ஏன் வையுறே? மொத நாளு உன்னைய வெளிய அனுப்பிட்டு அது என்ன கேட்டுச்சு தெரியுமா? சாகணும்னு தோணுதாண்ணேன்னு கேட்டுச்சு. தோணுதுன்னேன். எப்படின்னும் சொன்னேன். அதான் மருந்து எங்க இருக்குன்னு உன்கிட்ட விசாரிச்சுச்சு. டாக்டரக் கூப்பிட்டுச்சு. அதுக்கப்புறந்தான் மாத்திரைய மாத்துனாக. நான்தான் உன்கிட்ட சொல்ல வேணாம்னேன்." டீயை ஒரு வாய் குடித்தார். "ஒரு வருசமா என் பின்னாடியே திரியுறியே. நீ ஒரு வாட்டி கேட்டியா?"

டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். இருக்கட்டும் என்று கேட்டேன். "இப்பவும் தோணுதா?"

"சில நாளு தோணுது."

"இன்னிக்கி?"

"இன்னிக்கி இல்ல."

பொய் சொல்கிறாரோ என்று அவர் கண்ணைப் பார்த்தேன். தெரியவில்லை. மறுநாள் காலையில் அவர் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் நின்று மறுபடியும் கேட்டேன்.