கேக்குது என்று சொன்னேன்

புத்தளம் கரைத்தீவில் நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புகளுக்கும் ஒரே மண்டபம்தான். இடையில் சுவர் இல்லை. தோளளவு உயரத்தில் பலகைத் தட்டிகள் மட்டும். கூரை தகரம், நிலம் சீமெந்து. மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொன்னால் என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டே தமிழ்ப் பாடம் எழுதுவார்கள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் தகரங்கள் விடாமல் படபடக்கும். ஒரு ஆசிரியை குரலை உயர்த்தினால் பக்கத்து ஆசிரியை அதைவிட உயர்த்துவார். கடைசியில் எல்லோரும் கத்திக்கொண்டிருப்போம். இருபத்திரண்டு வருடம் அதற்குள் கத்தியிருக்கிறேன். அதனால் காது மங்கத் தொடங்கியபோது, குற்றம் மண்டபத்தில்தான் என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

ஒருவர் பேசுகிறார் என்பது தெரியும். என்ன பேசுகிறார் என்பது பாதிதான் பிடிபடும். என் வகுப்பில் மூன்று பெண்பிள்ளைகளுக்கு முதலெழுத்து மட்டுமே மாறிய பெயர்கள். ஒருத்தி பதில் சொல்ல, இன்னொருத்தியைப் பாராட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் வேண்டுமென்றே செய்ததுபோல் சிரித்தேன். அதற்குப் பிறகு தந்திரங்கள் பழகிக்கொண்டேன். வாயைப் பார்ப்பேன். எதிரே இருப்பவர் முகம் மலர்ந்தால் நானும் மலர்வேன். கேள்விபோல் முடிந்தால் ‘ஓம்’ என்பேன். பெரும்பாலும் அது போதுமாக இருந்தது.

உப்பளத்தில் வேலை செய்யும் என் கணவர் டொக்டரிடம் காட்டச் சொன்னார். நான் போகவில்லை. செவிட்டு டீச்சர் என்று ஊர் பெயர் வைத்துவிடும் என்ற பயம். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வெறுங்கையோடு வந்த குடும்பத்தில் ஆசிரியையான முதல் ஆள் நான். டீச்சர் என்ற பெயரைத் தவிர என்னிடம் வேறு எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

எங்களுக்கு ஒரே மகள். நீர்கொழும்பில் கட்டிக் கொடுத்திருந்தோம். மாமியார் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துத்தான் போன் எடுப்பாள். அன்று அவள் எடுத்தபோது பள்ளிக்கூடத்தில் இடைவேளை. மண்டபம் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சல், மேலே காற்றில் அடிபடும் தகரம். நான் தூணோடு ஒட்டி நின்று ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மற்றக் காதில் போனை அழுத்தினேன். அவள் குரல் வந்தது. சொற்கள் வரவில்லை. ‘அவர்’ என்று ஒரு தடவை கேட்டது, ‘கை’ என்று ஒரு தடவை. கை வேலை எதையோ சொல்கிறாள் என்று நினைத்தேன்.

இடையில் நிறுத்தி, “கேக்குதா உம்மா?” என்றாள். அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

“கேக்குது மகள், சொல்லுங்க” என்றேன்.

சற்றுப் பொறுத்து இன்னொரு முறையும் கேட்டாள். அப்போதும் அதையே சொன்னேன். அவள் நீண்ட நேரம் பேசினாள். நான் இடையிடையே ‘ம்’ போட்டேன். பிறகு ஒரு கேள்வி. அதன் வால் மட்டும் என் காதில் விழுந்தது: “…க்கட்டா உம்மா?”

‘வைக்கட்டா’ என்கிறாள், போனை வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். மணியும் அடித்துவிட்டது. “ஓம் மகள், சரி” என்றேன். அவள் உடனே வைக்கவில்லை. நான்தான் முதலில் வைத்தேன்.

அதற்குப் பிறகு அவள் போன் எடுப்பது குறைந்தது. இதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்: எனக்கு அது நிம்மதியாக இருந்தது. ஒவ்வொரு போன் பேச்சும் எனக்குப் பரீட்சையாக இருந்த காலம் அது. குடும்பத்தோடு ஒன்றிவிட்டாள், அதனால்தான் எடுப்பதில்லை என்று அவள் வாப்பாவிடமும் சொன்னேன்.

நாலைந்து மாதம் கழித்து அதிபர் என்னை அழைத்தார். பெற்றோர் முறைப்பாடு செய்திருந்தார்கள். பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று, டீச்சர் சொல்லும் பதில் வேறொன்று என்று. அவர் பண்பாகத்தான் சொன்னார், அதுவும் இரண்டு தடவை. முதல் தடவை எனக்கு விளங்கவில்லை. அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

காது பரிசோதிக்கும் அறையின் சுவர்களில் தடித்த பஞ்சு அட்டை ஒட்டியிருந்தார்கள். கதவைச் சாத்தியதும் வெளிச்சத்தம் ஒன்றுமே இல்லாமல் போனது. காதில் மாட்டிய கருவியில் ஒலி கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்துவதற்காகக் காத்திருந்தேன், வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. ஒலி வந்துகொண்டுதான் இருந்தது என்று பரிசோதித்த பெண் பிறகு சொன்னாள். மெல்லிய, கூர்மையான ஒலிகள்தான் எனக்குப் போய்விட்டனவாம். ஆ, ஓ எல்லாம் கேட்கும். ச, த, க, ப மாதிரியானவை தேய்ந்துவிடும். “நீங்க இவ்வளவு நாளும் ஊகிச்சுத்தான் கதைச்சிருக்கிறீங்க, டீச்சர்” என்றாள்.

அங்கே கொடுத்த காதுகேள் கருவியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். அந்த மண்டபத்தில் அது உதவவில்லை. பிள்ளைகள் இருக்கும் வாங்குகள் தரையில் இழுபடுவது, தகரம், நாலு வகுப்பின் இரைச்சல் எல்லாம் ஒரேயடியாகப் பெருத்து வந்தன. பிள்ளையின் குரல் அதற்குள் அமிழ்ந்துபோனது. பத்து மணிக்கே கழற்றிப் பையில் வைத்தேன்.

வீட்டில் அமைதி. அன்று பின்னேரம் மகளுக்கு நானே போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டேன். அவள் குரல் முழுதாகக் கேட்டது. சுகமா என்றதற்குச் சுகம் என்றாள். என்ன விசேஷம் என்றதற்கு, “ஒண்டுமில்ல உம்மா” என்றாள். அந்தக் குரல் நான் நினைவில் வைத்திருந்த குரல் இல்லை. யாருக்கோ பயந்து மூச்சைப் பிடித்துப் பேசுகிற குரல். என் கணவர் கதிரையை விட்டு எழுந்து நின்றார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் இருவரும் நீர்கொழும்புக்குப் போனோம்.

அவள் இடது மணிக்கட்டு வீங்கி வளைந்திருந்தது. முறிந்து இரண்டு மாதமாம். ஆஸ்பத்திரிக்கு விடாமல், வீட்டிலேயே எண்ணெய் பூசிக் கட்டியிருக்கிறார்கள். அவளைக் குசினிக்குள் கூட்டிப்போய், ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னன்தானே உம்மா. அண்டைக்குப் போன்ல எல்லாம் சொன்னன். அவர் கை நீட்டுறார் எண்டு சொன்னன். வீட்டுக்கு வராம இங்கயே இருக்கட்டா எண்டு கேட்டன். நீங்க ஓம் எண்டு சொன்னீங்க.”

எனக்குக் கேட்கவில்லை என்று சொன்னேன். ‘வைக்கட்டா’ என்று நினைத்ததைச் சொன்னேன். காதில் இருந்த கருவியைக் காட்டினேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“கேக்குதா எண்டு ரெண்டு தரம் கேட்டன் உம்மா.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு இன்றுவரை அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அன்றே அவளைக் கூட்டி வந்தோம். அவள் மாமியார் வாசலில் நின்று ஏதோ சொன்னார். என் கணவர் திரும்பிப் பார்க்கவில்லை. கை நேராகவில்லை, காலம் கடந்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். கனமான சட்டியை அவளால் தூக்க முடியாது. காதி நீதிமன்றத்தில் விவாகரத்து முடிந்தது. நான் மண்டபத்தை விட்டு விலகி, ஓய்வூதியத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். என்னோடு பேசும்போது அவள் நேரே முன்னால் வந்து நிற்பாள். ஒவ்வொரு சொல்லாக, சத்தமாகச் சொல்வாள். ‘தேத்தண்ணி.’ ‘பாண் முடிஞ்சுது.’ முற்றத்தில் வாப்பாவோடு மெல்லிய குரலில் கதைப்பாள். கருவி அந்தக் குரலை என்னிடம் கொண்டுவரும், சொல்லைக் கொண்டுவராது. என்ன சொன்னாள் என்று அவரிடம் கேட்பேன். ஒன்றுமில்லை என்பார்.

போன மாதம் ஒரு காலையில் தோளில் பையோடு அவள் படலையைத் திறந்தாள். எங்கே போகிறாள் என்று கேட்டேன். திரும்பி வந்து, என் முகத்துக்கு நேரே நின்று, வாயை நன்றாகத் திறந்து, “வே-லை-க்கு” என்றாள். புத்தளத்தில் ஒரு துணிக்கடையில் இடம் கிடைத்திருக்கிறது. போகட்டா என்று இரண்டு வாரத்துக்கு முன்பே வாப்பாவிடம் கேட்டு, அவர் சரி என்றாராம். எனக்கு அன்றுதான் தெரியும்.