நாலு பேருக்குத் தலையாட்டிய மின்விசிறி

லண்டனுக்கு வந்த புதிதில் மனோர் பார்க்கில் ஓர் அறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். எங்களிடம் இருந்தது ஒரேயொரு மேசை மின்விசிறி. அது தலையைத் திருப்பித் திருப்பி நாலு பேருக்கும் காற்றைப் பங்கிடும். தன் முறை வரும்வரை ஒவ்வொருவரும் வியர்வையோடு காத்திருப்போம். மற்ற மூவரும் கலியாணம் கட்டிப் போய்விட்டார்கள். அந்த அறையும் மின்விசிறியும் என்னோடு தங்கிவிட்டன.

சென்ற கோடையில் அது திடீரென நின்றது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே மூன்று அம்பியர் பியூஸ் எரிந்திருந்தது. புதிது போட்டேன். அதுவும் எரிந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. தண்ணீர் கொதிக்கவைக்கும் பழைய கேத்தில் ஒன்றின் பிளக்கிலிருந்த பதின்மூன்று அம்பியர் பியூஸை எடுத்துப் போட்டேன். விசிறி சுழன்றது. என் கெட்டித்தனத்தை மெச்சியபடி சமைக்கப் போனேன்.

கருகல் மணம் வந்து ஓடிப் போனபோது, விசிறியின் கழுத்தடியில் வயர் புகைந்துகொண்டிருந்தது. அருகே திரைச்சீலை. சுவிட்சை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்கினேன்.

அந்த மூவரில் ஒருவனான சிவம் மோர்டனில் மின்வேலை செய்கிறான். வந்து கழற்றிப் பார்த்தான்.

"ஆடி ஆடியே உள்வயர் தேஞ்சு போச்சு மச்சான். பியூஸ் ரெண்டுதரம் சொல்லியிருக்கு, நீ கேக்கேல்லை."

வயரை மாற்றியவன், "தனி ஆளுக்கு ஏன் இது தலையாட்டோணும்? பின்னால இருக்கிற குமிழை இழுத்துவிடு, திரும்பாம நேர நிக்கும்" என்றான்.

இப்போது பியூஸ் எரிந்தால் முதலில் காரணத்தைத் தேடுகிறேன். கோடைக்கு முன் பிளக்கைக் கழற்றிவிட்டு வயரைச் சோதிக்கிறேன். குமிழை மட்டும் இழுக்கவில்லை. மற்ற மூவர் படுத்த பக்கமும் போய்விட்டுத்தான் காற்று என்னிடம் வருகிறது.