உப்புப் பார்க்க ஓர் ஆள்

மரக்காணத்து உப்பளத்தில் மழை விழுந்துவிட்டால் வேலை கிடையாது. பாத்திகள் எல்லாம் ஒரே ஏரியாகிவிடும். தை பிறந்து வெயில் ஏறிய பிறகுதான் மறுபடி அளத்தில் கால் வைக்கலாம். அந்த மழை மாதங்களில் பெண்கள் நடவுக்குப் போவார்கள், நூறு நாள் வேலைக்குப் போவார்கள், எதுவும் இல்லாவிட்டால் வீட்டில் கிடப்பார்கள். ஜான்சி மட்டும் பொம்மையார்பாளையத்தில் ரோட்டோரம் இருந்த ஒரு பேக்கரிக்குப் போவாள். கல்யாணமான புதிதில் பாத்திரம் கழுவப் போனவள், மாஸ்டர் கையைப் பார்த்துப் பார்த்தே மாவு பிசையக் கற்றுக்கொண்டாள். கிறிஸ்துமஸ் நெருங்கினால் அங்கே சர்க்கரை பிஸ்கட்டின் தலையில் சாக்லேட்டை ஊற்றி, அது காய்வதற்குள் கலர் மிட்டாய்ப் பொடி தூவி வைப்பார்கள். காரில் போகிறவர்கள் பெட்டி பெட்டியாக வாங்கிப் போவார்கள்.

அந்தப் பேக்கரியை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. பிஸ்கட் மட்டும் ஜான்சியோடு ஊருக்கு வந்து சேர்ந்தது.

வீட்டில் ஓவன் ஏது? உப்புதான் ஓவன். அகலமான அலுமினியக் குண்டானில் கல்லுப்பைக் கொட்டிப் பரப்பி, அதன்மேல் ஒரு இரும்பு வளையத்தை வைத்து, பிஸ்கட் தட்டை அதில் இறக்கி மூடிவிடுவாள். உப்பு மெல்லச் சூடேறும், அடி தீயாது. ஒரு தட்டு வேக, ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் உருட்டி ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம் பிடிக்கும். அவள் கடிகாரம் பார்த்ததில்லை. ஜெபமாலையை எடுத்துக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்தால், கடைசி மணி உருளும்போது வாசனை மூக்குக்கு வரும். மூடியைத் திறந்தால் ஓரம் மட்டும் சிவந்திருக்கும்.

வருஷா வருஷம் அதே உப்புதான். சூடு பட்டுப் பட்டு அது பழுப்பாகி, பொடிந்து, ஆற்று மணல்போல ஆகியிருந்தது. குழம்புக்கு ஆகாது. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மண்சட்டியில் மூடி வைத்திருப்பாள்.

அவள் புருஷன் சவரிமுத்துவும் அளத்தில் உப்பு வாருகிறவன்தான். பால்பவுடர் டப்பாவின் தகரத்தை வெட்டி அவளுக்கு ஒரு நட்சத்திர அச்சு செய்து கொடுத்தான். ஒரு முனை கோணல். அந்தக் கோணலைப் பார்த்தாலே தெருவுக்குத் தெரியும், இது ஜான்சி வீட்டு பிஸ்கட் என்று. முதல் தட்டை அவன்தான் எடுத்துப் போவான், அடுத்த சந்தில் இருக்கும் தங்கச்சி அமலோற்பவம் வீட்டுக்கு. அதற்குப் பிறகுதான் தெருவுக்கு. கிறிஸ்தவ வீடு, இந்து வீடு என்ற பேதம் கிடையாது. தீபாவளிக்கு அதிரசத்தோடு வந்த தட்டு கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரத்தோடு திரும்பிப் போகும்.

இந்த ஐப்பசியில் சவரிமுத்து செத்துப்போனான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தவன், ஆட்டோ வருவதற்குள் போய்விட்டான். அன்றைக்கு அடைமழை. சவக்குழியில் உடம்போடு போட உப்பு வேண்டும். அளத்து உப்பெல்லாம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது, போகிற வழியெல்லாம் முழங்கால் தண்ணீர். உப்பு விளைகிற ஊரில் உப்புக்கு அலையும்படி ஆயிற்று. வீடு வீடாகக் கேட்டு வாங்கியும் போதவில்லை என்று வாசலில் யாரோ சொன்னார்கள். உடம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜான்சி தலையை நிமிர்த்தினாள்.

"அடுப்பாண்ட ஒரு சட்டி உப்பு இருக்குது. அதையும் எடுத்துக்கோங்க."

அன்று முழுக்க அவள் பேசியது அவ்வளவுதான். அழவில்லை. மாரில் அடித்துக்கொள்ளவில்லை. கல்லறைத் தோட்டத்தில் ஃபாதர் மண் போடச் சொன்னபோது போட்டாள், கை கழுவச் சொன்னபோது கழுவினாள். கூடப் பிறந்தவனைக் கொடுத்துவிட்டுத் தரையில் புரண்டுகொண்டிருந்த அமலோற்பவத்துக்கு இதைத் தாங்க முடியவில்லை.

"எங்கண்ணன் போறான், இவ உப்புச் சட்டிய காட்டினு உக்காந்துக்குறா. இது மனுஷி இல்ல, கல்லு" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். அதோடு அண்ணன் வீட்டு வாசலை மிதிப்பதை விட்டுவிட்டாள்.

ஜான்சிக்கு அதில் கோபம் வரவில்லை. சரியாகத்தான் சொல்கிறாளோ என்று நினைத்துக்கொண்டாள்.

ஒன்றை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. அடக்கம் முடிந்து வந்த அன்று யாரோ சோற்றைப் பிசைந்து கையில் கொடுத்தார்கள். வாயில் வைத்தால் நாக்கில் ஒன்றும் தெரியவில்லை. காரம் இல்லை, புளிப்பு இல்லை, உப்பு இல்லை. நனைந்த துணியை மெல்லுவதுபோல இருந்தது. ஜுரமாக இருக்கும், போய்விடும் என்று பார்த்தாள். ஜுரமும் இல்லை, அது போகவும் இல்லை. கைப்பழக்கத்தில் சமைத்தாள், பசிக்குத் தின்றாள். ஜெபமும் அப்படியே ஆகிவிட்டது. நாக்கு சொல்லிக்கொண்டே போகும், உள்ளே கேட்பதற்கு யாரும் இருப்பதில்லை. ஆண்டவர் எங்கிருந்தாவது கேட்டுக்கொள்வார் என்று, ஒரு நாளும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மார்கழி பிறந்து தெருவில் அங்கங்கே காகித நட்சத்திரம் தொங்கியது. ஜான்சி வீட்டில் தொங்கவில்லை, யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. ஒரகடத்துக் கம்பெனியில் வேலை செய்யும் மகன் அருண்ராஜ் ஃபோன் செய்தான். சாப்பிட்டாயா, மழையா என்று கேட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தான்.

"பிஸ்கட் போடுவியாம்மா?"

"சாவு வூட்ல ஒரு வருஷம் பலகாரத்துக்குச் சட்டி ஏத்தக்கூடாதுப்பா. உங்க அத்தை ஒத்துக்கமாட்டா."

பலகாரம் என்றால் எண்ணெயில் போடுவதுதானே, இதில் எண்ணெய் ஏது என்று அவன் வாதாடினான். பிறகு குரல் இறங்கியது. வெறும் வீட்டுக்கு வந்து அப்பா உட்காரும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு தன்னால் இருக்க முடியாது என்றான். அப்படித்தான் என்றால் லீவே வேண்டாம், பண்டிகையன்று ஷிப்ட் பார்க்க ஆள் தேடுகிறார்கள், அங்கேயே இருந்துவிடுகிறேன் என்றான். மிரட்டலாகச் சொல்லவில்லை. கெஞ்சலாகத்தான் சொன்னான்.

அந்தப் பேச்சு எப்படியோ அடுத்த சந்துக்கு, அமலோற்பவம் காதுக்குப் போய்விட்டது. எதிர்வீட்டு மங்கம்மா, ஜான்சியோடு அளத்தில் வேலை செய்கிறவள், பதிலைக் கொண்டுவந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துத் துடைத்து நின்றுவிட்டுச் சொன்னாள்.

"இந்த வருஷம் நீ சட்டி ஏத்துனா, அண்ணனோட ஒறவு அத்துப்போச்சின்னு வெச்சிக்குவாளாம். சொல்லச் சொன்னா, சொல்லிட்டேன். எம்மேல கோவிச்சிக்காத."

செய்யாவிட்டால் மகன் வரமாட்டான். செய்தால் நாத்தனார் இல்லை. லீவு முடிந்தால் மகன் போய்விடுவான். அதற்குப் பிறகு ஜான்சி விழுந்து கிடந்தாலும் எட்டிப்பார்க்க இந்த ஊரில் இருக்கிற ஒரே சொந்தம் அமலோற்பவம்தான். இதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததே தவிர, மனசு எந்தப் பக்கமும் சாயவில்லை. சாய்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ரேஷன் வாங்கப் போனவள் பக்கத்துக் கடையில் மைதாவும், சர்க்கரையும், டால்டாவும் வாங்கிக்கொண்டு வந்தாள். ஏன் வாங்கினோம் என்று வழியில் யோசித்துப் பார்த்தாள். பிள்ளை கேட்டான், அவ்வளவுதான். புதுச்சேரிக்குப் போன மங்கம்மாவின் மருமகளிடம் சொல்லிச் சாக்லேட் கட்டியும் வந்து சேர்ந்தது.

பண்டிகைக்கு முந்தின நாள் காலையில் குண்டானை இறக்கினாள். சட்டியைத் தேடினாள். அடுப்போரத்தில் சட்டி இருந்த இடம் வட்டமாகத் தெரிந்தது. அது போன இடம் நினைவு வந்தது. கொஞ்ச நேரம் அந்த வட்டத்தையே பார்த்துவிட்டு, மங்கம்மாவிடம் போய் ஒரு முறம் உப்பு வாங்கிவந்தாள். கடைசியாக வாரிய உப்பு, வெள்ளை வெளேரென்று, மழை ஈரத்தில் கசிந்துகொண்டிருந்தது.

புது உப்பை முதலில் தனியாக நன்றாக வறுத்து அதன் வெடிப்பை அடக்க வேண்டும். ஆரம்பத்தில் பேக்கரி மாஸ்டர் சொல்லிக்கொடுத்ததுதான். இத்தனை வருஷம் பழைய உப்பே இருந்ததால் அது அவள் நினைவிலேயே இல்லை. அப்படியே கொட்டி, தட்டை இறக்கி, மூடிவிட்டு, ஜெபமாலையை எடுத்தாள். ஜெபம் பாதியில் இருக்கும்போது படபடவென்று சத்தம். கூரைத் தகரத்தில் மழை என்று எண்ணி மேலே சொல்லிக்கொண்டு போனாள். உள்ளே ஈர உப்பு வெடித்து வெடித்து, மூடியில் மோதி, பிஸ்கட் மேல் விழுந்துகொண்டிருந்தது.

முடிந்ததும் திறந்தாள். ஓரம் சிவந்திருந்தது. மேலே மினுமினுத்ததைச் சர்க்கரை என்றே நினைத்தாள். சாக்லேட்டை டம்ளரில் போட்டு வெந்நீரில் வைத்து உருக்கி, ஒவ்வொரு நட்சத்திரத்தின் மேலும் ஊற்றிக் கரண்டி முதுகால் தடவினாள். பொடி தூவினாள். வழக்கம்போல முதல் பிஸ்கட்டை உடைத்து வாயில் போட்டு மென்றாள். பல்லுக்கு நறுக்கென்று இருந்தது. நாக்குக்கு ஒன்றும் இல்லை. சரி, வெந்துவிட்டது.

முதல் தட்டைக் கொண்டுபோக ஆள் இல்லை. அதனால் அவளே எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அமலோற்பவம் தையல் மிஷினில் யாருடைய பண்டிகைச் சட்டையையோ ஓட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. ஜான்சி தட்டை மிஷின் ஓரத்தில் வைத்தாள். "அமலு" என்றாள். மிஷின் நிற்கவில்லை. அவள் திரும்பி நடந்தாள். உறவு அறுந்துவிட்டது என்று தோன்றியது. மழை பெய்கிறது என்று தெரிவதுபோல அதுவும் தெரிந்தது.

அடுத்த தட்டுக்கு மாவை அச்சில் வெட்டிக்கொண்டிருக்கும்போது வாசல் வெளிச்சம் மறைந்தது. அமலோற்பவம் தட்டோடு நின்றாள். மூச்சு வாங்கியது.

"அவ்ளோ கோவம் இருந்தா வாய்விட்டுத் திட்டியிருக்கலாம் இல்ல? எனக்குன்னு உப்பக் கொட்டி எடுத்தாந்து வெச்சியே. அண்ணன் வெட்டுன நட்சத்திரம்னு ஆசையா வாயில வெச்சேன் அண்ணி."

"உப்பா?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்காத. தின்னு பாரு."

ஜான்சி ஒன்றை எடுத்துக் கடித்தாள். மென்றாள். விழுங்கினாள். மறுபடியும் ஒரு கடி கடித்தாள். அமலோற்பவம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் எதுவும் அசையவில்லை.

"கரிக்கல?"

"தெரியல அமலு."

"தெரியலன்னா?"

"எதுவும் தெரியல. அடக்கத்துலேர்ந்து."

அமலோற்பவம் உள்ளே வந்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள்.

"கொழம்பெல்லாம் எப்டி வெக்கிற?"

"கைக்கணக்குதான்."

"யார்கிட்டயும் சொல்லலியா?"

"என்னான்னு சொல்றது?"

அமலோற்பவம் எழுந்து குண்டான் மூடியைத் திறந்தாள். வெடித்துச் சிதறிய உப்பைப் பார்த்தாள். "புது உப்ப வறுக்காம போட்டியா? அந்தச் சட்டி உப்பு என்னா ஆச்..." என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அது எங்கே போயிற்று என்பது அவளுக்கும் தெரியும். அன்றைக்கு அந்தச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் பின்னாலேயேதான் அவளும் அழுதுகொண்டு போனாள். அது அடுப்பு உப்பு என்றோ, அண்ணன் வீட்டுக் கிறிஸ்துமஸ் முழுக்க அந்தச் சட்டியில்தான் இருந்தது என்றோ அப்போது தோன்றவில்லை.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நவுரு" என்றாள்.

கரித்த பிஸ்கட் தட்டை எடுத்து வெளியே வைத்தாள். குண்டானை அடுப்பில் ஏற்றி உப்பைக் கரண்டியால் கிளறிக் கிளறி, அதன் சத்தம் ஓயும் வரை வறுத்தாள். கிளறும்போதே திட்டினாள், இத்தனை வருஷம் பேக்கரி கண்ட கை செய்கிற வேலையா இது என்று. ஜான்சி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டாள். பிறகு மாவுத் தட்டை இறக்கி மூடினார்கள். அமலோற்பவம் மாலையை எடுத்து முதல் பாதியைச் சொன்னாள், ஜான்சி மறுபாதியைச் சொன்னாள். ஒருத்தி நிறுத்துகிற இடத்தில் மற்றவள் பிடித்துக்கொண்டதால் ஜெபம் தடங்கல் இல்லாமல் போயிற்று. இந்தத் தடவை உள்ளே சத்தம் இல்லை.

சாக்லேட் ஊற்றி ஆறியதும் ஜான்சி முதல் பிஸ்கட்டை உடைத்தாள். வாய்க்குக் கொண்டுபோகாமல் நாத்தனார் பக்கம் நீட்டினாள். அமலோற்பவம் வாங்கி மென்றாள். கண்ணை மூடித் திறந்தாள்.

"சக்கர கொஞ்சம் தூக்கலா இருக்குது. எப்பவும் போலத்தான்."

மத்தியானத்துக்குள் தட்டுகள் நிரம்பின. சாவு வீட்டுத் தட்டைத் தெரு வாங்குமா என்று ஜான்சி கேட்கவில்லை. முக்காடு போட்டுக்கொண்டு, தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து, மழைத் தூறலில் அமலோற்பவமே இறங்கிப் போனாள். செத்தவனுடைய கூடப் பிறந்தவள் கையால் வருவதை யார் வேண்டாம் என்பார்கள்? மங்கம்மா முதல் ஆளாகக் கை நீட்டியதை ஜான்சி வாசலில் நின்று பார்த்தாள்.

அருண்ராஜ் ஃபோன் செய்தான். கல்பாக்கம் தாண்டிவிட்டதாம் பஸ். இருக்கா என்று மட்டும் கேட்டான். இருக்குதுப்பா, வா என்றாள்.

டம்ளரில் ஒட்டியிருந்த சாக்லேட்டை விரலால் வழித்து வாயில் வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. வேறொன்றும் தெரியவில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். வறுத்த உப்பு ஆறியிருந்தது. அதை வழித்து ஒரு சட்டியில் போட்டு, அந்த வட்டத்தின் மேல் வைத்து மூடினாள்.

காலித் தட்டுகளோடு அமலோற்பவம் திரும்பிவந்தாள். அடுக்கி வைத்துவிட்டு, போகிற போக்கில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"நாளைக்குப் பூசை முடிஞ்சதும் கறிக் கொழம்ப நீயே வை அண்ணி. உப்பு பாக்க நான் வர்றேன்."