ஸ்டோர் ரூம் விட்ட மூச்சு

மூக்கர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. ஏசி மெஷினுக்குள் பெல்ட் தேய்ந்து கருகத் தொடங்கினால், எச்சரிக்கை மணி அடிப்பதற்கு முன்பே அவர் மூக்கு அதைச் சொல்லிவிடும். கோபமும் அதே மூக்கின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். ஐஸ் ஃபேக்டரி, சினிமா தியேட்டர், ஆஸ்பத்திரி என்று இருபத்தாறு வருடம் குளிர்ந்த காற்றோடு மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் தலைமை மெக்கானிக்காக வந்து சேர்ந்தார். இருப்பிடம் மொட்டைமாடி மெஷின் ரூம். சாப்பாடும் அங்கேயே.

பிள்ளைகள் இருவரும் தனிக்குடித்தனம் போன பிறகு, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் அவர் மனைவியும் அதே கட்டடத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். மூன்று வருடமாக இருவருக்கும் ஒரே பேருந்து, ஒரே வாசல். வாசலைத் தாண்டியதும் அவர் லிஃப்டில் மேலே போவார், அவள் படியில் கீழே போவாள்.

அது பசுமைக் கட்டடம். வரவேற்பறைக் கண்ணாடியில் சான்றிதழ் ஒட்டியிருக்கும். கூரையில் சூரியத் தகடுகள், கழிவறைக்கு மழைத்தண்ணீர், ஆள் இல்லாவிட்டால் தானே அணையும் விளக்குகள். இதெல்லாம் ஊரை ஏமாற்றும் வேலை என்று மூக்கர் ஒருநாளும் சொன்னதில்லை. மின்சாரச் செலவு பாதியாகக் குறைந்ததை அவரே மீட்டரில் பார்த்தார். அந்த வேலையில் அவருக்குப் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமைதான் பின்னால் அவரை அதிகம் சுட்டது.

அந்த வருடம் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். மேனேஜருக்குப் பழைய தரம் போதவில்லை, இன்னும் ஒரு படி மேலே வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரே ஒரு புள்ளி குறைந்தது. ஆலோசகராக வந்த பெண் ஒரு வழி சொன்னாள். கதவு உள்ள எல்லா அறையிலும் காற்று மீட்டர் வைத்தால் அந்தப் புள்ளி கிடைத்துவிடும். மனிதர்கள் வெளியே விடும் மூச்சு அறையில் எவ்வளவு தேங்குகிறது என்று அந்த மீட்டர் அளக்கும். ஆயிரத்துக்குள் இருந்தால் பச்சை, தாண்டினால் மஞ்சள், இரண்டாயிரத்தைத் தாண்டினால் சிவப்பு. எல்லா அறையின் எண்ணும் வரவேற்பறையில் பெரிய திரையில் ஓடும். வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்த்து மெச்சலாம்.

மொத்தம் நாற்பத்து மூன்று மீட்டர்களில் நாற்பத்திரண்டை ஒரு வாரத்தில் மாட்டினார் மூக்கர். கடைசியாக மிஞ்சியது கீழ்த்தளத்தில், கார் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் இருந்த பி-7. வரைபடத்தில் 'ஸ்டோர்' என்று போட்டிருந்தது. மதியம் ஒரு மணிக்கு ஏணியோடு போய்க் கதவைத் தள்ளினார்.

உள்ளே பதினான்கு பெண்கள். டாய்லெட் பேப்பர் பெட்டிகளுக்கும் சோப்பு கேன்களுக்கும் நடுவே முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் கிடையாது. காற்றுக்குழாய் கிடையாது. அவர் மனைவி சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு, ஒரு பெட்டியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள்.

"நீ இங்கயா சாப்பிடுற?" என்றார்.

"வேற எங்க? மேல அவங்க கேன்டீன்ல எங்களை விடுவாங்களா?"

"தினமும் இங்கதானா?"

"துணி மாத்துறது, சாப்பிடுறது, உக்கார்றது எல்லாம் இதுக்குள்ளதான் அண்ணா," என்றாள் பக்கத்தில் இருந்தவள். "ஸ்டோர்னு பேரு. நாங்களும் சாமான்தானே."

எல்லாரும் சிரித்தார்கள். மூக்கருக்குச் சிரிப்பு வரவில்லை. மீட்டரை மாட்டி சுவிட்சைப் போட்டார். எண் ஏறிப் போய் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்தில் நின்றது.

மூன்று வருடமாக அவள் சாயங்காலப் பேருந்தில் ஏறியதும் நெற்றியைப் பிடித்துக்கொள்வாள். "தண்ணி ஒழுங்கா குடி," என்பார் இவர். ஒருமுறை கண் டாக்டரிடம் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். ஊரில் உள்ள கட்டடத்துக்கெல்லாம் மூச்சுப் பார்க்கிறவர், சொந்தப் பெண்டாட்டிக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நினைக்க நினைக்க அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேரே மேனேஜரிடம் போனார்.

"பி-7க்கு ஒரு குழாய் இழுக்கணும் சார். பதினாலு பேர் உள்ள இருக்காங்க."

"அது ஸ்டோர். பெட்டிக்கு எதுக்குக் காத்து?" மேனேஜர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இப்ப குழாய் இழுத்தா வரைபடம் மாறும். வரைபடம் மாறினா மொத்தக் கணக்கையும் திரும்பப் போடணும். சான்றிதழ் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்."

"அப்புறம்னா எப்ப?"

மேனேஜர் ஒரு கோப்பை எடுத்து, ஒரு தாளைப் புரட்டி அவர் பக்கம் திருப்பினார். மூன்று வருடத்துக்கு முந்தைய காற்றளவுப் பட்டியல். பி-7, ஸ்டோர், ஆட்கள் இல்லை, காற்று தேவையில்லை. கீழே மூக்கரின் கையெழுத்து. "எனக்கு என்ன தெரியும்? நீங்க எழுதிக் குடுத்ததுதானே."

மூக்கர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த நாள் நினைவுக்கு வந்தது. வரைபடத்தைப் பார்த்துப் பட்டியலை நிரப்பினார். மேல்மாடி அறைகளில் மட்டும் கருவியை வைத்து அளந்தார். கீழ்த்தளம் என்றால் கார், பம்ப், ஸ்டோர், அங்கே அளக்க என்ன இருக்கிறது என்று மடமடவென்று கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். எல்லா மெக்கானிக்கும் அப்படித்தான் செய்வான். அது இப்போது ஆறுதலாக இல்லை. மேனேஜர் மேல் வந்த கோபம் பாதி வழியில் திரும்பி அவர் மேலேயே விழுந்தது. அன்று சாயங்காலம் மனைவியிடம் அந்தத் தாளைப் பற்றி மூச்சு விடவில்லை. அவள் நெற்றியைப் பிடித்தபோது வழக்கம்போல் தண்ணீர் குடிக்கத்தான் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து, சான்றிதழுக்கான ஆய்வாளர் வருகிற நாள் வந்தது. வரவேற்பறைத் திரையை அன்றுதான் முதல்முறையாகப் போட்டார்கள். மேனேஜர் காலையிலேயே உத்தரவு போட்டார். வாளியும் துடைப்பமுமாக ஒருவரும் கண்ணில் படக்கூடாது, ஆய்வு முடியும்வரை துப்புரவுப் பெண்கள் அத்தனை பேரும் பி-7க்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க வேண்டும். கூட்டிப் பெருக்கிக் கட்டடத்தைப் பளபளவென்று வைத்தவர்களை ஒளித்து வைத்துவிட்டுப் பளபளப்பை மட்டும் காட்டும் ஏற்பாடு. அந்த அவசரத்தில், அந்த அறைக்குள்ளும் ஒரு மீட்டர் இருக்கிறது என்பதை மேனேஜர் மறந்தார். புள்ளிக்காக ஆசைப்பட்டு வைத்ததை அவரே மறந்தார்.

மூக்கர் மறக்கவில்லை. மெஷின் ரூமில் நின்று கைப்பேசியில் பார்த்தார். ஆயிரத்து எண்ணூறு. இரண்டாயிரத்து அறுநூறு. ஆய்வாளர் இன்னும் ஆறாவது மாடியில் இருந்தார். அவர் இறங்கித் திரைக்கு முன்னால் வர நேரமாகும். இப்போது கதவைத் திறந்தால் எண் இறங்கிவிடும், சாட்சி போய்விடும். திறக்காவிட்டால் உள்ளே இருப்பவள் அவர் மனைவி. பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்பது மாடியையும் படியிலேயே இறங்கினார்.

கதவைத் திறந்தபோது புழுங்கிய காற்று முகத்தில் அறைந்தது. மனைவி எழுந்து வந்தாள். விஷயத்தைச் சொன்னார். திரை, சிவப்பு, ஆய்வாளர்.

"இந்தக் கதவு மூடியிருந்தாத்தான் அவருக்குத் தெரியுமா?" என்றாள்.

"ஆமா. ஆனா நீங்க யாரும் இருக்கணும்னு இல்ல. வெளிய வந்துடுங்க, நான் வேற ஏதாவது பண்றேன்."

"எவ்வளவு நேரம்?"

"கால் மணி நேரம் இருக்கும்."

அவள் திரும்பி மற்றவர்களைப் பார்த்தாள். யாரும் எழுந்திருக்கவில்லை.

"மூணு வருஷம் இருந்தோம். கால் மணி நேரம் பெருசா? கதவை விடுங்க," என்று அவளே உள்ளிருந்து இழுத்துச் சாத்தினாள்.

வரவேற்பறையில் ஆய்வாளர் திரைக்கு முன்னால் வந்து நின்றபோது நாற்பத்திரண்டு கட்டங்கள் பச்சை. ஒன்று மட்டும் சிவப்பு. மூவாயிரத்து எழுநூறு.

"பி-7ல என்ன இருக்கு?" என்றார் ஆய்வாளர்.

"வெறும் ஸ்டோர் சார். டாய்லெட் பேப்பர். மீட்டர்தான் பழுது போல," என்றார் மேனேஜர்.

"டாய்லெட் பேப்பர் இப்படி மூச்சு விடாதே. வாங்க, பார்க்கலாம்."

மூக்கர்தான் கதவைத் திறந்தார். வியர்த்து வழிந்த பதினான்கு முகங்கள். ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து தரையில் உட்கார்ந்தாள். ஆய்வாளர் கோப்பைப் புரட்டினார்.

"ஆள் இல்லைன்னு யார் கையெழுத்துப் போட்டது?"

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் மூக்கர் சொல்லிவிட்டார். "நான்தான் சார். வந்து பார்க்காம போட்டேன். மூணு வாரம் முன்னாடி பார்த்தேன், குழாய் கேட்டேன், மேனேஜர் சார் மாட்டேன்னுட்டார். இப்ப எல்லாரையும் உள்ள வெச்சதும் அவர்தான்."

ஆய்வாளர் எழுதிக்கொண்டார். மேனேஜர் மூக்கரை முறைத்தார். மூக்கர் மனைவியைத்தான் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

அன்று பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் அவள் முன்னால் போய் நின்றுகொண்டாள். வீட்டில் இரண்டு நாள் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எனக்குத் தலை வலிச்சப்ப எல்லாம் தண்ணி குடின்னு சொன்னீங்களே, அந்தக் கையெழுத்து யாரோடதுன்னு தெரிஞ்ச பிறகும் அதையேதானே சொன்னீங்க?"

சான்றிதழ் நிறுத்தி வைக்கப்பட்டது. மூன்று வருடம் முடியாத காற்றுக்குழாய் பதினோரு நாளில் முடிந்தது. வரைபடமும் மாறியது, கணக்கும் மாறியது, வானம் இடிந்து விழவில்லை. புதிய சான்றிதழை வாங்கிக்கொண்டு சிரித்தபடி நிற்கும் படத்தில் மேனேஜர்தான் நடுவில் இருக்கிறார். அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மூக்கருக்கு வயிறு எரியும்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. புதிய பட்டியலில் பி-7க்கு அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். இந்தத் தடவை மதியம் ஒரு மணிக்குத் தாளோடு கீழே போனார். குழாயிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. கருவியை வைத்து அளந்தார், எண் எழுநூறு. பேனாவை எடுத்தபோது மனைவி கையை நீட்டித் தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தாள்.

"ஆட்கள் பதினாலுன்னு போட்டிருக்கு. எண்ணிப் பாத்தீங்களா?"

மூக்கர் நிமிர்ந்து எண்ணினார். பதினைந்து. கதவோரம் ஒரு புதிய முகம், திங்கட்கிழமை சேர்ந்தவளாம்.

அவர் எண்ணைத் திருத்திவிட்டு, குழாயின் வாயை இன்னும் கொஞ்சம் திறக்க ஏணியை எடுத்து வந்தார். தாள் அதுவரை அவள் கையிலேயே இருந்தது.