படிவத்தின் ஐந்தாவது கேள்வி

மத்தியான வினாடி வினா நிகழ்ச்சிக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போவது என் வேலை. பகலில் வீட்டில் இருக்கிற பெண்கள் பார்ப்பதற்காக, பகலில் வீட்டில் இருக்க முடியாத பெண்களைக் கூட்டிப்போகிறேன். பழவேற்காட்டிலிருந்து விடிகாலைப் பேருந்து, பொன்னேரியில் ரயில், அப்புறம் வேன். படப்பிடிப்பு ஒன்பது மணிக்கு என்பார்கள், பன்னிரண்டுக்குத்தான் தொடங்கும். அதுவரை ஏசி குளிரில் உட்காரவைத்து, சும்மா சிரிக்கச் சொல்லி, சும்மா கைதட்டச் சொல்லிப் படம் பிடித்து வைத்துக்கொள்வார்கள். வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்ளத்தான். ஆறு வருஷமாகப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. இருந்தும் போகிறேன்.

போட்டியாளர் படிவத்தில் ஐந்தாவது கேள்வி, 'வாழ்க்கையில் தாங்க முடியாத வருத்தம் எது?' அதைக் காலியாக விட்டால் ஆளை எடுக்கமாட்டார்கள். பொது அறிவெல்லாம் அதற்கப்புறம்தான்.

பக்கத்து வீட்டு அக்கா ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிறவள். டிவியில் கேள்வி முடியுமுன்னே பதில் சொல்லிவிடுவாள். ஒருமுறையாவது அந்த மேடையில் நிற்க வேண்டும் என்று ஆசை. அவளுக்கு எழுதத் தெரியாததால் நான்தான் படிவத்தை நிரப்பினேன். மகள் பெங்களூரில் நர்ஸ் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். உண்மையில் மகள் சண்டை போட்டுக்கொண்டு போய் மூன்று வருஷமாகப் பேச்சு வார்த்தையே இல்லை. அதை என்னிடம் மட்டும் சொல்லி, யார் காதுக்கும் போகக்கூடாது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஐந்தாவது கேள்விக்கு நேராக நான் அதை எழுதினேன். ஆளை எடுக்கத்தான் இது, மேடையில் கேட்கமாட்டார்கள் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

மேடையில் மூன்று கேள்விக்குச் சரியாகச் சொன்னாள். இறால் பிடிப்பதை நடித்துக் காட்டும்படி தொகுப்பாளர், பிடித்த இறாலைப் போட்டுக்கொள்ளும் ஓர் ஓலைப் பறியை நீட்டினார். தண்ணீரில் இரண்டு கையும் சேற்றைத் தடவும்போது பறியைப் பல்லில்தான் கடித்துக்கொள்வார்கள். அவளும் முட்டி போட்டு, பறியைக் கடித்தபடி தரையைத் தடவிக் காட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள். அந்த நேரம் பார்த்துத் தொகுப்பாளர் கேட்டார்.

"உங்க பொண்ணு மூணு வருஷமா உங்ககிட்ட பேசுறதே இல்லையாமே, அம்மா?"

அவள் பறியை விடவில்லை. கண்ணீர் மட்டும் வழிந்தது. கேமரா கிட்டே போனது. பார்வையாளர் வரிசையில் எங்கள் ஊர்ப் பெண்கள் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதை மட்டும் வெட்டிவிடுங்கள் என்று பிறகு போய்க் கெஞ்சினேன். முன்னோட்டத்தில் அதைத்தான் போடப்போவதாகச் சொன்னார்கள்.

திரும்பும் ரயிலில் மற்ற பெண்கள் தள்ளி உட்கார்ந்து குசுகுசுவென்று பேசிக்கொண்டு வந்தார்கள். மீஞ்சூர் தாண்டியது. அக்கா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"உன்னத் தவிர யாருக்கும் சொல்லல. நீதான் எழுதிக் குடுத்திருக்கன்னு அங்கியே தெரிஞ்சிடுச்சி. வாயத் தொறந்திருந்தா எல்லார் முன்னாலயும் உன்னத்தான் கேட்டிருப்பேன். அப்புறம் எவளும் உன்கூட வரமாட்டா, உன் பொழப்பு போயிடும். அதான் கடிச்சினே இருந்தேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னித்துவிடு என்று சொல்லலாம் என வாயெடுத்தபோது கைபேசி அடித்தது. அடுத்த வாரத்துக்கும் அக்காவைப் போலவே ஓர் ஆள் வேண்டுமாம்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சரி என்றேன்.