தம்பியின் மருந்து

ஜவஹர் என்ன வேலை செய்கிறான் என்பதை அவன் குடும்பத்தில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவன் அப்பாவுக்குத் தி.நகரில், உஸ்மான் சாலையை ஒட்டிய சந்தில் துணிக்கடை. பிளவுஸ் துணி, லைனிங், உள்பாவாடை, உள்ளாடை எல்லாம் கிடைக்கும். கடை நிறையப் பெண்கள் நின்றாலும், "ஏல, அந்த முப்பத்தாறு சைஸை எடுத்துப் போடு" என்று பரண்மேல் நிற்கும் ஆளிடம் தெருவுக்கே கேட்கும்படி கத்துவார். அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் மகன் செய்யும் மாத்திரையைப் பற்றிப் பேச நாக்கு ஒட்டிக்கொண்டது.

ஜவஹர் மருந்து வேதியியல் படித்தவன். உடம்புக்குள் வம்பு பண்ணுகிற ஏதோவொரு புரதத்தைக் குறிவைத்து, அதன் வாயை அடைக்கிற மாதிரி ஒரு மூலக்கூறைக் காகிதத்தில் வரைந்து, பிறகு அதைக் குடுவையில் சமைத்துப் பார்க்கிற தொழில். சமைத்ததில் பெரும்பாலும் சாக்கடைக்குத்தான் போகும். அடையாறு தாண்டி ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை கிடைத்ததும் ரத்தப் புற்றுநோய்க்கான மூலக்கூறு ஒன்றில் இறங்கினான். "கேன்சருக்கு மருந்து கண்டுபிடிக்கான்" என்று அப்பா கடையில் சொல்லிவைத்தார். கேட்டவர்கள் கும்பிடாத குறைதான்.

கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றணுக்கள் செத்தன. ஆனால் எலிகளின் உடம்பில் இருந்த நோய் துளியும் குறையவில்லை. ஏழெட்டு வருட உழைப்பு மண்ணாய்ப் போயிற்று. அந்த எலிகளின் உறுப்புகளைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த நிஷா, அவனோடு வேலை பார்ப்பவள், ஒரு நாள் அவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஆண் எலிகளின் விதைகளில் விந்தணுவே இல்லை. வேறு ஆண் எலிகளுக்கும் மருந்தைக் கொடுத்து, பிறகு நிறுத்திவிட்டுப் பெண் எலிகளோடு விட்டுப் பார்த்தார்கள். சில வாரங்களில் பழையபடி குட்டிகள் பிறந்தன.

"இது ஆம்பளைங்க சாப்பிடற கருத்தடை மாத்திரை, ஜவஹர்" என்றாள் நிஷா. "ஆபரேஷன், காப்பர்-டின்னு எல்லாத்தையும் பொம்பளைங்களே அனுபவிச்சது போதும்."

ஜவஹருக்கு உடம்பு சிலிர்த்தது. எதற்கும் ஆகாது என்று கைகழுவிய பிள்ளை முதல் மார்க் வாங்கிக்கொண்டு வந்து நின்ற மாதிரி இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னான். அம்மா பேச்சியம்மாள் பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைக் குழம்புக்குள்ளேயே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"ஆம்பளைக்கா?" என்றார் அப்பா. "கடையில நாலு பேரு மூஞ்சில நான் முழிக்கணுமா வேண்டாமா? உங்கக்கா மவளுக்குச் சம்பந்தம் பேசிக்கிட்டிருக்கோம். தாய்மாமன் என்ன பண்ணுதான்னு கேட்டா, இதையா சொல்லச் சொல்லுத?"

"அது அசிங்கம் ஒண்ணும் இல்லைப்பா."

"அசிங்கம்னு நான் சொல்லல. வெளிய கேன்சர்னே இருக்கட்டும். அதே மருந்துதானே?"

மூலக்கூறு அதேதான். அதனால் ஜவஹர் சம்மதித்தான். இதில் யாருக்கு என்ன நஷ்டம் வந்துவிடப் போகிறது என்று நினைத்தான். வடபழனியில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா ஸ்வர்ணலதாவுக்கும் உண்மை போகவில்லை. அவளுக்குத் தெரிந்தால் நகைக்கடை வைத்திருக்கும் அவள் கணவர் வெங்கடேஷுக்குத் தெரியும், அவருக்குத் தெரிந்தால் சம்பந்தி வீட்டுக்குத் தெரியும் என்பது அப்பாவின் கணக்கு.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. பொய்யும் அதோடு சேர்ந்து ஜாம் ஜாமென்று வளர்ந்தது. எந்த மண்டபத்துக்குப் போனாலும் ஜவஹரை முன்வரிசைக்கு இழுத்தார்கள். யார் யாரோ ஆஸ்பத்திரி ஃபைலை நீட்டினார்கள். "நல்ல டாக்டரைப் பாருங்க" என்று சொல்லி நழுவக் கற்றுக்கொண்டான். எல்லோரிலும் பெருமை அக்காவுக்குத்தான். பார்க்கும்போதெல்லாம் கேட்பாள்.

"எதுவரைக்கும் வந்திருக்கு தம்பி, உன் மருந்து?"

"மனுஷங்களுக்குக் குடுத்துப் பாக்குற கட்டத்துக்கு வந்தாச்சுக்கா."

"அப்போ சீக்கிரம் வந்துரும்."

"வந்துரும்க்கா."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. தாமாக முன்வந்த ஆண்களுக்கு அந்த மாத்திரையை நிஜமாகவே கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொய் சொல்லாமலே சமாளித்துவிட்டோம் என்று அவனுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட. ராஜா அண்ணாமலைபுரத்தில் தங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியில் மனைவி ஷண்முகப்ரியா கடிந்துகொள்வாள். "மதினிகிட்டயாவது சொல்லக்கூடாதா? அவங்க உங்களைச் சாமியா நினைக்கறாங்க." சொல்லலாம், சொல்லலாம் என்பான். அக்கா அந்தக் கேள்வியை முன்னைவிட அடிக்கடி கேட்கத் தொடங்கியிருந்ததை அவன் கவனிக்கவே இல்லை.

அந்தத் தீபாவளிக்குப் புது பிளவுஸ் தைக்க ஷண்முகப்ரியாதான் மதினியைத் தையல்காரியிடம் கூட்டிப்போனாள். ஸ்வர்ணலதா அளவு கொடுக்க மாட்டேன், பழைய பிளவுஸை வைத்தே தைக்கட்டும் என்று அடம்பிடித்தாள். தலையில் முழம் முழமாக மல்லிகை வைத்திருந்தாள், கழுத்தெல்லாம் சந்தனப் பவுடர் கொட்டியிருந்தாள். அதையெல்லாம் மீறிக்கொண்டு ஒரு வாடை வந்தது. திரைக்குப் பின்னால் ஷண்முகப்ரியா வலுக்கட்டாயமாக முந்தானையை விலக்கிப் பார்த்தாள். இடது மார்பில் பஞ்சு பஞ்சாக அடைத்து வைத்திருந்தது, அதுவும் நனைந்திருந்தது.

மறுநாளே அடையாறு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். புண்ணைச் சுத்தம் செய்ய வந்த ஜாஸ்மின் என்ற உதவியாள் கட்டைப் பிரித்ததும் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள். "இன்னாக்கா, இத்தப் போயி இத்தினி நாளு மூடி வச்சிகினு இருந்துக்கிறியே" என்றாள். நோய் முதுகெலும்புக்கும் ஈரலுக்கும் போய்விட்டதாக ஸ்கேனில் தெரிந்தது.

"எப்பருந்தும்மா இருக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

"போன தீபாவளிக்கு முன்னாடியே இருந்துது. சின்னதா, நெல்லிக்காய் கணக்கா."

"ஏன் யார்கிட்டயும் காட்டலை?"

ஸ்வர்ணலதா கட்டில் பக்கத்தில் நின்ற ஜவஹரைக் கைகாட்டினாள். "இவன் என் தம்பி. கேன்சருக்கு மருந்து கண்டுபிடிக்கான். டாக்டர்ட்ட போனா அறுக்கணும்பாங்க. மருந்து வந்துட்டா அறுக்காமலே சரியாயிரும்னு இருந்துட்டேன். கூடப்பிறந்தவன்கிட்ட மார்ல கட்டின்னு எப்படிச் சொல்ல?"

டாக்டர் ஜவஹரைப் பார்த்தார். ஜவஹர் வராந்தாவுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்பா பின்னாலேயே வந்தார். "இப்ப ஒண்ணும் சொல்லிராத. இருக்க வரைக்கும் நம்பிக்கையோட இருக்கட்டும்ல" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்பா அழுது ஜவஹர் பார்த்ததில்லை. அன்றைக்கும் வாயை மூடிக்கொண்டான்.

கீமோ கொடுத்தார்கள். முடி போயிற்று, சோறு இறங்கவில்லை. ஒரு மத்தியானம் அவனைத் தவிர யாரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து அவள் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"இதெல்லாம் எதுக்குடா எனக்கு? உன்னோடதைக் குடேன். எலிக்குக் குடுக்கதையாவது கொண்டா. செத்தாலும் உன் மேல பழி வராது, நான் எழுதித் தாரேன்."

இனிமேலும் மழுப்ப அவனால் முடியவில்லை.

"அக்கா, கேன்சருக்கு என்கிட்ட மருந்து இல்லை. அதை நிறுத்திப் பல வருஷமாச்சு. எலிக்கே கேக்கலை."

"மனுஷங்களுக்குக் குடுக்கோம்னு சொன்னியே?"

"அது வேறக்கா. ஆம்பளைங்களுக்குக் கருத்தடை மாத்திரை. அப்பா வெளிய சொல்ல வேண்டாம்னாரு. நானும் சரின்னுட்டேன்."

அவள் பிடித்திருந்த சட்டையை விட்டாள். பிறகு, "எனக்கு ரெண்டு தடவை கலைச்சாங்க" என்றாள். "அப்புறம் கடைசிப் பிரசவத்தோட எனக்குத்தான் ஆபரேஷன் பண்ணாங்க. உங்க அத்தான் வாசல்ல நின்னு டீ குடிச்சிக்கிட்டிருந்தாரு. நீ பண்ணுத மாத்திரை அப்பவே இருந்திருந்தா எனக்கு எவ்வளவு நல்லா இருந்திருக்கும். இதையாடா வெக்கப்பட்டு மறைச்ச? ஊரு பூரா நானே சொல்லியிருப்பேனே."

"அக்கா..."

"சொல்லியிருந்தா நான் அன்னைக்கே டாக்டர்ட்ட போயிருப்பேன்டா."

ஜவஹர் அவள் கால்மாட்டில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதான். சின்ன வயதிலிருந்து அவன் அழுதால் முதலில் ஓடி வருகிறவள் அவள்தான். அன்றைக்கு அவள் கையை நீட்டவில்லை. அதற்குப் பிறகும் அவனோடு பேசினாள், மகளைப் பற்றி, கடையைப் பற்றி, ஆஸ்பத்திரி இட்லியைப் பற்றியெல்லாம் பேசினாள். மருந்தைப் பற்றி மட்டும் மறுபடி வாயெடுக்கவில்லை. பொங்கலுக்கு முன்னால் இறந்துபோனாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வடபழனி வீட்டில் உறவும் கடைக்காரர்களும் கூடியிருந்தார்கள். பந்தி நடந்துகொண்டிருந்தது. அப்பாவின் கடைக்கு அடுத்த கடைக்காரர் தணிகாசலம் உச்சுக் கொட்டினார். "தம்பியோட மருந்து ஒரு வருசம் முன்னாடி வந்திருந்தா பொண்ணு பொயச்சிருக்கும்."

"ஆமா. அவ குடுத்து வைக்கல" என்றார் அப்பா.

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஜவஹர் செம்பைக் கீழே வைத்தான். மகளைச் சுடுகாட்டுக்கு அனுப்பிய பிறகும் இந்த மனிதருக்கு இது வேண்டியிருக்கிறதே என்று அவனுக்கு வயிறு எரிந்தது. அதைவிடத் தன்மேல்தான் அவனுக்கு ஆத்திரம்.

"அப்படி ஒரு மருந்தே இல்லை" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னான். "நான் செய்யறது ஆம்பளைங்களுக்குக் கருத்தடை மாத்திரை. என்னை நம்பித்தான் எங்க அக்கா செத்தா. யாரும் எனக்காகக் காத்திருக்காதீங்க."

இலைகளில் கைகள் அப்படியே நின்றன. பேச்சியம்மாள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். அப்பா எழுந்து வந்து அவனைத் தோளோடு அணைத்துக்கொண்டார். "கூடப்பிறந்தவ போன துக்கம். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. என்ன பேசுதோம்னு அவனுக்கே தெரியல" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். கூட்டம் ஐயோ பாவம் என்று தலையாட்டியது. இலைகளில் மறுபடி ரசம் விழுந்தது.

தணிகாசலம் கை கழுவிக்கொண்டு வந்து ஜவஹரின் முதுகைத் தடவினார். அவர் கண்ணில் நிஜமாகவே ஈரம்.

"மனச வுட்றாத நைனா. நீ கண்டுபுடிச்சிடுவ, எனுக்குத் தெரியும். என் மச்சினிக்குக் கயுத்துல ஒரு கட்டி கீது. டாக்டராண்ட போவ பயப்படுது. நம்ம தம்பி மருந்து வந்துரும், அதுவரைக்கும் பொறுத்துக்கோன்னு சொல்லி வச்சிக்கினு கீறேன்."